ஏழாம் அத்தியாயம்: மழைநீர் தின்ற மரப்படகை மீட்டெடுத்தல்

1985 ஏப்ரலில் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம். அது மகாவலியை மறித்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போயிற்று. திகனவுக்கும் ரஜவெல்லைக்கும் கீழே மலைகளுக்கிடையில் ஒரு பெரிய நன்னீர்ப் பரப்பு உருவாகிற்று. இலங்கையின் உள்நாட்டு நீர்த்தேக்கங்களில் இன்று மீன் பிடிக்கப் போகும் தோணிகளில் பெரும்பாலானவை பைபர் கிளாஸ். மரப்படகு வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அப்படியொரு படகு உங்கள் கைக்கு வந்து, அதன் பலகை உளுத்தோ உடைந்தோ கிடக்கிறது என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்காகவே எழுதப்பட்டது.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது 4 முதல் 6 மீற்றர் வரை நீளமுள்ள, ஏரா மரத்தின்மேல் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) வங்குகள் (விலா எலும்பு போன்ற சட்டங்கள்) நிறுத்தி, அவற்றில் பலகைகளைப் பக்கம் பக்கமாகப் பொருத்திக் கட்டிய துடுப்புப் படகு. ஒரே மரத்தைக் குடைந்த தோணிக்கு வேலைமுறை வேறு.

எதிரி மேலிருந்து வருகிறது

மரப்படகுப் பராமரிப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் கடலோடு தொடர்புள்ளது. கடலில் மரத்தைத் துளைப்பது கப்பல் புழு. புழு என்று அழைத்தாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிரி; உப்பு நீர் இல்லாமல் அதனால் வாழ முடியாது. ஆகவே விக்டோரியாவில் அந்தப் பயம் இல்லை. ஆனால் உப்பு இல்லாததால் இன்னொரு பாதுகாப்பும் இல்லாமல் போகிறது. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல் கட்டுநர்கள் வங்குகளுக்கிடையில் கல்லுப்பைக் கொட்டி அடைத்ததற்குக் காரணம் இதுதான்.

பூஞ்சை வளர ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. மரம் முழுக்க நீருக்குள் மூழ்கி ஊறிக் கிடந்தாலும் காற்று போதாமல் வளராது. இரண்டுக்கும் இடையில், நனைவதும் அரைகுறையாகக் காய்வதுமாக இருக்கும் இடமே அதற்கு வாய்ப்பான இடம். நீருக்குள்ளேயே கிடக்கும் அடிப்பலகை நெடுங்காலம் உறுதியாக இருக்க, மழைநீர் தேங்கும் வங்கின் கால், விளிம்புப் பலகையின் அடிப்பக்கம், பின்பலகையின் மூலைகள், முன்மரத்தின் தலை ஆகியவை முதலில் உளுத்துப் போவது இதனால்தான்.

கண்டியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. திகன அதைவிடச் சற்று வறண்ட பக்கம் என்றாலும், திறந்து கிடக்கும் படகை அழிக்க அங்கே பெய்யும் மழையே போதும். எனவே ஒன்றை மனதில் இருத்திக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்: படகு மிதக்கும் நீரைவிட, படகுக்குள் விழுந்து தங்கும் நீரே ஆபத்தானது. ஒரு பலகையை மாற்றுவதற்கு முன் அந்த இடத்தில் நீர் ஏன் தங்கியது என்பதைக் கண்டுபிடியுங்கள். அந்தக் காரணத்தை விட்டுவைத்துப் பலகையை மட்டும் மாற்றினால், புதிய பலகையும் அதே இடத்தில் அதே வழியில் உளுக்கும்.

தாங்கல் கொடுத்தல்

படகைக் கரையேற்றியதும் கூரைக்கடியில் கொண்டுவாருங்கள். தகரக் கொட்டகை போதும். நான்கு பக்கமும் காற்று ஓட வேண்டும். தார்ப்பாயை உடலோடு ஒட்டிப் போர்த்தாதீர்கள். உள்ளே புழுக்கம் அடைந்து பூஞ்சைக்கு வசதியாகிவிடும்.

ஏரா மரத்துக்கு அடியில் மீற்றருக்கு ஒன்றாகக் கட்டைகள் வைத்து, படகின் எடை முழுவதும் அந்தக் கட்டைகளில் இறங்கும்படி செய்யுங்கள். இருபக்கமும் கொடுக்கும் முட்டுகள் படகு சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. அவற்றில் எடை ஏறினால் பலகை உள்ளே அமுங்கும். பிறகு அணியத்திலிருந்து (முன்முனை) பின்னணியம் (பின்முனை) வரை ஏராவின் ஓரமாக ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். நடுப்பகுதி மேலே எழும்பியோ கீழே தொங்கியோ இருந்தால் ஜாக் வைத்து நாளுக்கு ஓரிரு மில்லிமீற்றராக, மெதுவாக நேராக்க வேண்டும். வளைந்த உடலில் புதுப் பலகை அடித்தால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் அளவு எடுங்கள். விளிம்பிலிருந்து விளிம்புக்கு அகலம், விளிம்பிலிருந்து ஏராவுக்கு ஆழம் இரண்டையும் ஒவ்வொரு வங்கிலும் எழுதிக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று இடங்களில் உள்வடிவத்துக்கு ஏற்ப மெல்லிய பலகையை வெட்டி அச்சாக நிறுத்துங்கள். பலகைகள் போனபின் படகின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவை இந்த அச்சுகள்தாம்.

தட்டிப் பார்த்தல், குத்திப் பார்த்தல்

பழைய பெயின்டை அகற்றாமல் பரிசோதனை நடக்காது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், நனைத்துச் சுரண்டுங்கள். முகக்கவசம் அணியுங்கள். சுரண்டியதைப் பொலித்தீன் விரிப்பில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். நீர்த்தேக்கக் கரையில் கொட்டாதீர்கள். சிறுவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அடுத்து, சிறு சுத்தியலால் ஒவ்வொரு பலகையையும் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரம் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் குத்தூசியால் குத்துங்கள். நல்ல மரத்தில் ஊசி பிடிவாதமாக நிற்கும், எடுத்தால் நீளமான சிராய் கிளம்பும். உளுத்த மரத்தில் ஊசி எளிதாக இறங்கும், மரம் சிறு சிறு துண்டுகளாக உடைந்து வரும். ஈரமானி இருந்தால் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாக்குக்கட்டியால் படகின் மேலேயே குறியிடுங்கள்: மாற்ற வேண்டியது சிவப்பு, சந்தேகமானது மஞ்சள், நல்லது வெள்ளை. அதே குறிகளை ஒரு தாளில் படமாக வரைந்து வைத்தால் மரம் வாங்கும்போதும் வேலையைப் பகிரும்போதும் உதவும். வங்கின் கால், வங்கும் பலகையும் சேரும் இடம், ஆணித் தலையைச் சுற்றிக் கறுத்த வளையம், பலகை முனைகள், இருக்கைப் பலகை பொருந்தும் கட்டை ஆகியவற்றுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

மோதலால் வந்த சேதம் வேறு விதமானது. விக்டோரியாவின் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். நீர் வற்றும் காலத்தில் மூழ்கிய மரக்கட்டைகளும் பாறைகளும் பழைய சுவர்களும் மேற்பரப்புக்கு நெருங்கி வரும். அவற்றில் மோதிய படகில் வெளியே ஒரு பலகையின் வெடிப்பு மட்டுமே தெரியலாம். உள்ளே பார்த்தால் பக்கத்து இரண்டு வங்குகள் விரிசல் விட்டிருக்கும், அவற்றில் அடித்த ஆணிகள் தளர்ந்திருக்கும். ஓட்டையைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் மூன்று வங்கு தூரம் வரை பார்த்த பின்பே சேதத்தின் எல்லையை முடிவு செய்யுங்கள்.

எதை வெட்டுவது, எதை விடுவது

பூஞ்சை மரத்தின் நாரோட்டத்தை ஒட்டி நீளவாக்கில் பரவும். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் இடத்திலும் அது நுழைந்திருக்கும். ஆகவே உளுத்த பகுதி முடியும் இடத்திலிருந்து நாரோட்டத்தின் வழியே மேலும் 150 முதல் 300 மில்லிமீற்றர் வரை வெட்டி எடுங்கள். அகலவாக்கில் இவ்வளவு தேவையில்லை.

பலகையின் தடிப்பில் மூன்றில் ஒன்றுக்குக் குறைவான, கையளவு இடத்தில் மட்டும் நிற்கும் சேதத்தைக் குடைந்தெடுத்து, அதே இன மரத்தில் ஒட்டுத்துண்டு வைத்து மூடலாம். முழுத் தடிப்பும் போயிருந்தால் பலகைத் துண்டையே மாற்ற வேண்டும். உளுத்த மரத்தில் திரவ ரெசினை ஊற்றிக் கெட்டியாக்கும் முறையை அழகுக்காக வைத்த பாகங்களில் செய்யலாம். ஆணி பிடித்து நிற்க வேண்டிய வங்கிலும் பலகையிலும் ஒருபோதும் செய்யாதீர்கள். மேலே கல்லாகத் தெரியும். உள்ளே ஆணி தூளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வெட்டிய இடத்தைச் சுற்றியுள்ள நல்ல மரத்துக்குப் போரேட் மருந்து கொடுங்கள். 9 லீற்றர் சுடுநீரில் 600 கிராம் வெண்காரத்தையும் 400 கிராம் போரிக் அமிலத்தையும் கரைத்து, ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூன்று முறை பூசுங்கள். இந்த மருந்து ஈர மரத்துக்குள்ளேதான் நன்றாக ஊறிப் பரவும். பின்பு மரத்தை நன்கு உலர விடுங்கள். நீர் பட்டால் மருந்து கரைந்து வெளியேறிவிடும் என்பதால் மேலே பெயின்ட் அவசியம்.

மரம் தேடும்போது

கண்டியைச் சுற்றியிருப்பவர்களுக்கு நல்ல மரத்தின் ஆற்றலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் கட்டினார்கள்; ஆணியோ போல்ட்டோ இல்லாமல் மரப் பொருத்துகளாலேயே நின்றதென்று பெயர்பெற்ற பாலம். 1905இல் அதற்குப் பதிலாக வேறு பாலம் வரும்வரை மழையும் வெயிலும் வெள்ளமும் கண்டு நின்றது. பொருத்து சரியாகவும் மரம் தகுந்ததாகவும் இருந்தால் இந்தக் காலநிலையிலும் மரம் நிலைக்கும் என்பதற்கு அந்தப் பாலம் சான்று.

ஆனால் முதிரை கனமானது, சிறு படகின் பலகைக்கு ஏற்றதன்று. ஏரா மரத்துக்கும் அடியில் உராயும் பட்டைக்கும் உதவும். பலகைக்குச் சவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படுவது, மிகச் சிறந்தது. திருகோணமலை மரம் என்ற பெயரில் ஒருகாலத்தில் சென்னைக் கரைவரை படகு கட்டப் போன மரம் இது. வளையும், நாரோட்டம் நேராக இருக்கும், நீரைத் தாங்கும். தேக்கு உறுதி, சுருங்கி விரிவது குறைவு, விலை அதிகம். பலா மத்திய மலைநாட்டில் எளிதாகக் கிடைக்கும். அதன் மஞ்சள் வைர மரம் உளுக்காமல் நெடுநாள் நிற்கும், வெளிப்பக்கத்து வெள்ளை மரம் நிற்காது. எந்த இனமானாலும் வெள்ளையை முழுக்கச் சீவி எறிந்துவிடுங்கள்.

வங்குக்கு வேம்பும் இலுப்பையும் நம் கரைகளில் பழகிய மரங்கள். வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கட்டிய ஓடாவிகள், அதாவது படகுத் தச்சர்கள், பயன்படுத்திய அறிவு இன்றும் நமக்குப் பயன்படும்: வங்கின் வளைவுக்கு ஏற்ப இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுத்தால் நாரோட்டம் வளைவோடு போகும், வங்கு எளிதில் பிளக்காது. நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நாரோட்டம் குறுக்கே வெட்டுப்பட்டு அங்கே முறியும்.

மரக்காலையில் பலகையின் முனையைப் பாருங்கள். ஆண்டு வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் பலகையைத் தேர்ந்தெடுங்கள். அத்தகைய பலகை மற்றதில் பாதியளவே விரியும். உலையில் அதிகம் காய்ந்த மரம் வளைக்கும்போது முறியக்கூடும். காற்றில் மெதுவாகக் காய்ந்ததே நல்லது.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. சொந்தத் தோட்டத்து மரமானாலும் பிரதேச செயலகத்தில் அனுமதி கேட்டபின்பே வெட்டுங்கள். அறுத்த மரத்தை ஏற்றி இறக்கவும் அனுமதி தேவைப்படலாம். நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காட்டில் கைவைக்காதீர்கள். அரச மரக் கூட்டுத்தாபனத்திலோ பற்றுச்சீட்டுத் தரும் மரக்காலையிலோ வாங்கினால் கவலை இருக்காது.

முதலில் வங்கு, பிறகு பலகை

வங்கு பலவீனமாக இருக்கையில் புதுப் பலகை அடிப்பது வீண் வேலை. விரிசல் விட்ட வங்குக்குப் பக்கத்தில் துணை வங்கு ஒன்று வைக்கலாம். விரிசலுக்கு மேலேயும் கீழேயும் குறைந்தது மூன்று பலகை அகலத்துக்கு அது நீள வேண்டும். பழையதையும் புதியதையும் ஏனோதானோவென்று ஒட்டவைத்தால் நடுவே நீர் புகுந்து தங்கும். பசை பூசி இடைவெளியே இல்லாமல் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் விரல் நுழைந்து துடைக்கும் அளவுக்கு விலக்கி வையுங்கள். துணை வங்கின் மேல்முனையைச் சரிவாகச் சீவுங்கள். தட்டையாக விட்டால் அங்கேயே மழைநீர் உட்காரும்.

வங்கின் கால் ஏராவோடு சேரும் இடத்தில் நீர்வழித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான படகுகளில் இந்தத் துளை சிறிதாகவோ பழைய பெயின்டாலும் சேற்றாலும் அடைபட்டோ இருக்கும். ஒவ்வொரு வங்குக்கும் 15 முதல் 20 மில்லிமீற்றர் அளவுள்ள துளை வேண்டும். எல்லாத் துளைகளின் வழியாகவும் நீர் ஓடிவந்து ஒரே தாழ்ந்த இடத்தில் சேர வேண்டும். துளை அடைபடாமல் அதன் உள்முகத்துக்கும் பெயின்ட் பூசுங்கள். இந்த மீட்பு வேலையில் செலவு குறைந்து, பலன் மிகுந்து வருவது இந்த ஒரு வேலைதான்.

பலகை மாற்றுதல்

ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த பலகைகளைக் கழற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒன்றைக் கழற்றி, மாற்றி, அடித்த பின் எதிர்ப்பக்கத்துக்குப் போங்கள். உடல் இருபக்கமும் சமமாக இறுகும்.

பழைய பலகையை முழுதாகக் கழற்ற முடிந்தால் அதுவே புதிய பலகைக்கு அச்சு. முடியாவிட்டால் மெல்லிய ஒட்டுப்பலகையை இடத்தில் பொருத்தி அளவெடுங்கள். புதுப் பலகையை வளைக்க நீராவிப் பெட்டி செய்யலாம். 25 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒரு மணிநேரம் என்பது பழகிய கணக்கு. வெளியே எடுத்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் இடத்தில் வைத்துப் பிடிகள் போட்டுவிட வேண்டும். அதனால் ஆட்களும் பிடிகளும் தயாரான பின்பே பெட்டியைத் திறங்கள்.

முழு நீளத்தையும் மாற்றாமல் நடுவில் ஒரு துண்டு வைப்பதானால் இரண்டு வழிகள்:

- சரிவுப் பொருத்து: பழைய பலகையின் முனையையும் புதியதின் முனையையும் நீண்ட சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுதல். சரிவின் நீளம் தடிப்பைப் போல் 8 முதல் 12 மடங்கு. 20 மில்லிமீற்றர் பலகைக்கு 160 முதல் 240 மில்லிமீற்றர். எப்பொக்சி ஒட்ட மரத்தின் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது.
- முட்டுப் பொருத்து: இரு முனைகளையும் நேராக வெட்டி முட்டவைத்து, உள்ளே ஒரு தாங்குக் கட்டை அடித்தல். கட்டை இரண்டு வங்குகளுக்கு நடுவில், எந்த வங்கையும் தொடாமல், மேலும் கீழும் அடுத்த பலகைகள்மேல் 25 மில்லிமீற்றர் ஏறியிருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பையும் சரிவாகச் சீவுங்கள்.

பொருத்துகளை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். அடுத்தடுத்த இரண்டு பலகைகளின் பொருத்துகளுக்கிடையே குறைந்தது மூன்று வங்கு இடைவெளி வேண்டும். ஒரே இடைவெளியில் இரண்டு பொருத்து வருவதானால் அவற்றுக்கிடையே மூன்று முழுப் பலகைகளாவது இருக்க வேண்டும். பொருத்துகள் ஒரே வரிசையில் விழுந்தால் அந்த வரிசையில் படகு திறக்கும்.

அடித்து மூடுமுன் பலகையின் உள்முகத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் பிரைமர் பூசுங்கள். மரம் நீரை அதிகம் குடிப்பது வெட்டுமுனை வழியாகத்தான்.

ஆணியும் திருகும்

செப்பு ஆணியை உள்ளே வளையம் வைத்துத் தட்டி மடக்குவது நெடுநாள் நிற்கும் முறை. அது கிடைக்காவிட்டால் சூடான நாகத்தில் தோய்த்தெடுத்த கல்வனைஸ் ஆணி போதும். மின்முறையில் மெல்லிய பூச்சுப் போட்ட பளபளப்பான ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒரே பலகையில் செம்பையும் இரும்பையும் கலக்காதீர்கள். ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் இரும்பு வேகமாக அரிபடும்.

பழைய துளையில் ஆணி இறுகாவிட்டால், அதைப் பெரிதாக்கி மரக்குச்சியை ஒட்டி அடைத்து, பக்கத்தில் புதிய துளை போடுங்கள். எல்லா ஆணிக்கும் முன்துளை வேண்டும். ஒரே நார்க்கோட்டில் வரிசையாக அடித்தால் பலகை பிளக்கும். ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக அடியுங்கள்.

கலப்பற்று

பலகைகளுக்கிடையே பஞ்சு திணித்து நீர் புகாமல் அடைப்பதுதான் கலப்பற்று. இதில் அனுபவமுள்ள ஓடாவி ஒருவர் அருகில் இருந்து ஒரு பக்கத்தைச் செய்து காட்டினால் மறுபக்கத்தை நீங்களே செய்துவிடலாம்.

இணைப்பு உள்ளே இறுக்கமாகவும் வெளியே சற்றுத் திறந்தும் இருக்க வேண்டும். 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகைக்கு வெளியே 2 முதல் 3 மில்லிமீற்றர் திறப்புப் போதும். பழைய பஞ்சையும் மக்கையும் வளைந்த கொக்கியால் பலகை விளிம்பைக் காயப்படுத்தாமல் எடுங்கள். இணைப்பின் உள்ளே பெயின்ட் தடவுங்கள். பருத்திப் பஞ்சுத் திரியைச் சிறு சிறு மடிப்புகளாக வைத்து, கலப்பற்று உளியாலும் கொட்டாப்புளியாலும் தடிப்பின் பாதி ஆழம்வரை இறக்குங்கள். மேலே மறுபடி பெயின்ட், அதன்மேல் மக்கு. குங்கிலியத் தூளை எண்ணெயில் காய்ச்சிய மக்கு நம் கரைகளில் தலைமுறைகளாகப் பயன்பட்டது. சாக்குத்தூளை லின்சீட் எண்ணெயில் பிசைந்ததும் நன்றாக நிற்கும். எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைக்காதீர்கள், அவை தாமாகவே தீப்பற்றும். நீரில் நனைத்து விரித்துக் காய விடுங்கள்.

அளவுக்கு மீறித் திணிப்பதுதான் பெருந்தவறு. கணக்கைப் பாருங்கள். 150 மில்லிமீற்றர் அகலப் பலகையின் ஈரப்பதம் 12 சதவீதத்திலிருந்து 28க்கு ஏறுகிறது என்று வையுங்கள். சாதாரண மரம் ஒரு சதவீத ஈரத்துக்கு ஏறக்குறைய 0.25 சதவீதம் அகலத்தில் விரியும். மொத்தம் 4 சதவீதம், அதாவது 6 மில்லிமீற்றர். பக்கத்துக்கு ஆறு பலகை என்றால் 36 மில்லிமீற்றர். இணைப்புகளில் இடமே விடாமல் கல்லாக அடைத்திருந்தால் அந்த விரிவு வங்கிலிருந்து ஆணிகளைப் பிடுங்கும், இல்லையேல் வங்கையே முறிக்கும். உலர்ந்த படகில் பஞ்சு சற்று இளகியிருப்பது சரிதான்; நீர் மிச்சத்தை இறுக்கும்.

இதே காரணத்தால், வேலை பல மாதம் இழுத்தால் நல்ல பலகைகள் எலும்பாகக் காய்ந்து வெடிக்க விடாதீர்கள். ஒட்ட வேண்டிய இடத்தை மட்டும் உலர்த்துங்கள். அதிலிருந்து தள்ளியிருக்கும் நல்ல அடிப்பலகைகளின்மேல் வறண்ட நாட்களில் ஈரச் சாக்கு விரியுங்கள்.

பைபர் போர்த்தலாமா?

பலர் கேட்கும் கேள்வி இது. ரெசினும் பைபர் துணியும் ஹாட்வெயார் கடைகளிலேயே கிடைப்பதால் ஆசை வருவது இயல்பு. பலகை கட்டிய பழைய படகுக்கு என் பதில் உறுதியாக ‘வேண்டாம்’ என்பதே. பலகைகள் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும்; பைபர் போர்வை அசையாது. சில பருவங்களில் இரண்டும் பிரியும். உள்ளே விழுந்த மழைநீர் பலகையைக் கடந்து அந்தப் போர்வைவரை வந்து, வெளியேற வழியில்லாமல் நிற்கும். அப்படி மூடிய மரம் வெளியே பளபளப்பாகவும் உள்ளே மாவாகவும் ஆகும். நீங்கள் அறிவதற்குள் காலம் கடந்திருக்கும். புதிதாக ஒட்டுப்பலகையில் கட்டிய படகுக்குப் போர்வை பொருந்தும். பழைய பலகைப் படகு மூச்சுவிட வேண்டும்.

பூச்சு

வெளியே பிரைமர் ஒரு கை, எண்ணெய் சார்ந்த எனாமல் இரண்டு மூன்று கை. வெளிர் நிறம் வெயிலில் குறைவாகச் சூடேறும், இணைப்புகள் குறைவாகத் திறக்கும். கறுப்பையும் கடும் நீலத்தையும் தவிர்ப்பது நல்லது. உள் அடிப்பகுதிக்கு மெல்லிய பூச்சுப் போதும். தடித்த பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டும். எப்பொக்சியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு விடாது. ஈரக்காற்று நாட்களில் எப்பொக்சியின்மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியும். அடுத்த கை பூசுமுன் நீரால் கழுவித் தேய்த்துவிடுங்கள்.

நீரில் இறக்குதல்

முதல் நாளே துடுப்பெடுத்துப் போகாதீர்கள். கரையோர ஆழங்குறைந்த நீரில் கட்டிவைத்து, உள்ளே நீர் வரட்டும் என்று விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பலகைகள் ஊறி இணைப்புகள் இறுகும். அதன்பின் நீரை இறைத்துவிட்டுப் பாருங்கள். மெல்லிய கசிவு இருந்தால் மேலும் சில நாள் பொறுங்கள். ஒரு வாரத்துக்குள் மறுபடி பஞ்சு திணிக்க ஓடாதீர்கள். பொறுத்தும் நிற்காத கசிவே உண்மையான கசிவு. படகுக்கு வெளியே அந்த இடத்துக்கு அருகில் மரத்தூளைத் தூவினால் உறிஞ்சப்பட்டு இணைப்பைத் தற்காலிகமாக அடைக்கும்; சரியான திருத்தம் அடுத்த கரையேற்றத்தில்.

நீர்மட்டம் இரவோடிரவாக மாறக்கூடும். கயிற்றை நீளமாக விட்டுக் கட்டுங்கள், நாள்தோறும் பாருங்கள். மட்டம் இறங்கிப் படகு பாறையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் நீங்கள் செய்த வேலை ஒரே நாளில் போய்விடும்.

பழைய மரம் சேற்றில் கண்டால்

நீர் வற்றும்போது சேற்றில் பழங்காலத் தோணியோ மரத்துண்டோ தென்பட்டால், இந்த அத்தியாயத்தில் உள்ள எதையும் அதில் செய்யாதீர்கள். நூற்றாண்டுகளாக நீரில் ஊறிய மரம் வெயிலில் காய்ந்தால் சுருங்கி நொறுங்கும். 1628இல் மூழ்கி 1961இல் எடுக்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலை, பொலிஎதிலீன் கிளைக்கோல் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்துத்தான் காப்பாற்றினார்கள். கண்டதை இருக்கும் இடத்திலேயே விட்டு, ஈரச் சேற்றால் மூடி, படம் எடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

ஆண்டு முழுதும் செய்ய வேண்டியவை

- ஜனவரி முதல் மார்ச் வரை: வறண்ட காலம். கரையேற்றி, தட்டிப் பார்த்து, பெயின்ட் அடிக்க ஏற்ற நேரம்.
- ஏப்ரல்: இடைப்பருவ மழைக்கு முன் நீர்வழித் துளைகளைக் கம்பியால் சுத்தம் செய்யுங்கள்.
- மே முதல் செப்டம்பர் வரை: வாரம் ஒருமுறை உள்ளே உலர்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.
- ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை: கனமழைக் காலம். பயன்படுத்தாத படகைக் கவிழ்த்து, தரையிலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டைகள்மேல், காற்றோடும் கூரைக்கடியில் வையுங்கள். மண்ணைத் தொடவிட்டால் கறையான் ஏறும்.

ஒவ்வொரு மழைக்குப் பின்னும் படகுக்குள் எட்டிப் பாருங்கள். நீர் எங்கே தேங்கி நிற்கிறது என்பதை நோட்டில் குறியுங்கள். அடுத்த ஜனவரியில் உளியை முதலில் எடுத்துச் செல்ல வேண்டிய இடம் அதுதான். அங்கே ஒரு துளையைப் பெரிதாக்குவதோ ஒரு விளிம்பைச் சரிவாகச் சீவுவதோ அரைநாள் வேலை. அந்த அரைநாளைக் கொடுத்தால் அங்கே ஒரு பலகையை மாற்ற வேண்டிய நிலையே வராது.